பைக் ஸ்டார்ட் ஆகலையா, ஓடும்போதே ஆஃப் ஆகுதா? சுவிட்ச், வயரிங் கோளாறை ஒவ்வொண்ணா பிடிக்கிற வழி

சைடு ஸ்டாண்டு சுவிட்ச் போனதுக்கு பேட்டரி மாத்தினவங்க, கில் சுவிட்ச்ல (ஹேண்டில்ல இன்ஜினை ஆஃப் பண்ற சுவிட்ச்) அழுக்கு ஏறினதுக்கு சிடிஐ (பிளக்குக்கு ஸ்பார்க் அனுப்புற எலக்ட்ரானிக் டப்பா) மாத்தினவங்கன்னு நிறைய பேரைப் பாத்துட்டேன். என் வண்டியிலயும் அதேதான் நடந்துச்சு. நியூட்ரல்ல ஜம்முனு ஸ்டார்ட் ஆகும், ஃபர்ஸ்ட் கியர் தட்டினா அப்படியே அடங்கிடும். குடுத்த இடத்துல முதல்ல பிளக் மாத்தினாங்க, அப்புறம் பேட்டரி, அதுக்கப்புறம் சிடிஐ மாத்தணும்னாங்க. சரி போதும்னு வண்டியை எடுத்துட்டு வந்து, சைடு ஸ்டாண்டுல இருந்து மேல ஏறுற வயரை விரல்ல வெச்சு மெதுவா உருட்டிக்கிட்டே போனேன், ஒரு இடத்துல மட்டும் தொளதொளன்னு மடங்குச்சு. மேல ரப்பர்ல ஒரு கீறல் கூட இல்ல. பிளேடால கீறிப் பாத்தா உள்ள செம்பே இல்ல, பச்சையா களிம்புப் பொடி மட்டும் கொட்டுச்சு.

அதுல இருந்து இந்த மாதிரி வண்டி எது வந்தாலும் நான் பாக்குற வரிசை ஒண்ணுதான். முதல்ல கண்ணு, அடுத்து கை, அதுக்கப்புறம் மீட்டர், கடைசியாத்தான் காசு. கீழ இருக்கிறதெல்லாம் அந்த வரிசையிலதான் இருக்கு, உங்க வண்டி என்ன பண்ணுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க.

## ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி

கையில ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் 21 வாட் பல்புல ரெண்டு வயர் வெச்சு செஞ்ச டெஸ்ட் லாம்ப், கான்டாக்ட் கிளீனர், நல்ல நைஸான உப்புத்தாள், உங்க மாடலோட வயரிங் படம், இவ்வளவு இருந்தா போதும். எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கிற) வண்டியா இருந்தா இசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போற வயர்ல டெஸ்ட் லாம்பைக் கொண்டு போகவே கூடாது, அங்க மீட்டர் மட்டும்தான்.

வயர் கலரை வெச்சு முடிவு பண்றப்போ ஜாக்கிரதை. ஹோண்டாவுல பெரும்பாலும் பச்சைதான் எர்த் (பேட்டரி நெகட்டிவோடயும் பாடியோடயும் சேர்ற வயர்), கறுப்பு சாவி போட்டதும் கரண்டு வர்ற வயர். யமஹாவுல கறுப்புதான் எர்த், பிரவுன்ல சாவி கரண்டு வரும். சுசூகியில கறுப்புல வெள்ளைக் கோடு எர்த், ஆரஞ்சுல கரண்டு. ஒரு கம்பெனி வண்டியில பழகின கையோட இன்னொரு கம்பெனி வண்டியில எர்த்துன்னு நெனச்சு கரண்டு வயரைக் கொண்டு போய் பாடியில தொட்டா ஃபியூஸ் போறதோட முடிஞ்சா நல்ல நேரம்.

இன்னொண்ணு, கிக்கர் இருக்கிற வண்டியா இருந்தா ஒரு உதை விட்டுப் பாருங்க. கிக்குல ஸ்டார்ட் ஆகி கியர்லயும் ஓடுதுன்னா ஸ்பார்க் பக்கம் நல்லா இருக்கு, கோளாறு செல்ஃப் லைன்ல மட்டும்தான். அந்த ஒரு உதையில பாதி வேலை குறைஞ்சிடும்.

## சாவி போட்டா ஒண்ணுமே எரியலை

பேட்டரி டெர்மினல்ல இருந்து ஆரம்பிங்க. கையால திருகிப் பாருங்க, கையாலயே அசைஞ்சா அது லூஸ். வெள்ளையா பூத்திருந்தா கழட்டி சுடுதண்ணி ஊத்தித் துடைச்சு, உப்புத்தாள் போட்டு, நல்லா முறுக்குங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில.

அடுத்து மெயின் ஃபியூஸ். கண்ணால பாத்து நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடாதீங்க, மயிரிழை மாதிரி வெடிச்சிருக்கும், கண்ணுக்கே தெரியாது. சாவி ஆன்ல வெச்சு, மீட்டரோட கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்ல வெச்சுக்கிட்டு சிவப்பு முனையால ஃபியூஸோட ஒவ்வொரு காலா தொடுங்க, ரெண்டுலயும் 12 வோல்ட்டுக்குக் குறையாம வரணும். ஃபியூஸ் நல்லா இருந்து அது உக்கார்ற ஹோல்டர் சூட்டுல உருகி கறுத்திருக்கிறதும் உண்டு.

ரெண்டும் சரின்னா சாவியை ஆன்ல வெச்சு இடமும் வலமும் லேசா ஆட்டுங்க. விட்டு விட்டு லைட் எரிஞ்சா சாவி சுவிட்சுக்குள்ள கான்டாக்ட் தேஞ்சிருக்கு. ஹெட்லைட்டுக்குப் பின்னாடி அதோட கப்ளர் (வயர்களைச் சேக்குற பிளாஸ்டிக் சொருகி) இருக்கும், அங்க உள்ள வர்ற வயர்ல கரண்டு இருந்து வெளிய போற வயர்ல இல்லன்னா சாவி சுவிட்ச்தான். சில வண்டியில அடியில இருக்கிற கான்டாக்ட் தட்டு மட்டும் தனியா கிடைக்கும், லாக் செட் முழுசா மாத்த வேண்டியதில்லை, கேட்டுப் பாருங்க.

லைட்டெல்லாம் நல்லா எரிஞ்சு, செல்ஃப் அமுக்கின உடனே மொத்தமும் செத்துப் போய், கொஞ்ச நேரத்துல திரும்ப உயிர் வருதா? அது பெரும்பாலும் டெர்மினல் லூஸ்தான்.

## லைட் எரியுது, செல்ஃப் அமுக்கினா சத்தமே இல்ல

சேஃப்டி சுவிட்ச் எல்லாம் சேந்து விளையாடுற இடம் இதுதான், அதனால பொறுமையா பாக்கணும். செல்ஃப் பட்டன்ல இருந்து ஸ்டார்டர் ரிலே (பட்டன் உத்தரவு வந்ததும் மோட்டாருக்கு கரண்டு விடுற சுவிட்ச்) வரைக்கும் போற வழியில வண்டிக்கு வண்டி கில் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச்னு நடுவுல நிக்கும், ரிலே வரைக்கும் ஒரு வழியாவது முழுசா சேரலைன்னா உத்தரவு போகாது.

காசில்லாம பாக்கக்கூடியதை முதல்ல பாருங்க. கில் சுவிட்ச் ரன்ல இருக்கா? வண்டியைத் துடைக்கும்போது துணி பட்டு அது ஆஃப் ஆகி, ஒரு மணி நேரம் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன். ரன்ல இருந்தா ஒரு இருபது முப்பது தடவை ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு தட்டுங்க. அதுக்கப்புறம் ஸ்டார்ட் ஆச்சுன்னா உள்ள அழுக்கு, பிரிச்சு கான்டாக்ட் கிளீனர் அடிச்சுட்டா சரியாயிடும். பிரிக்கும்போது உள்ள ஒரு குட்டி ஸ்பிரிங்கும் குண்டும் துள்ளி ஓடும், கீழ ஒரு வெள்ளைத் துணி விரிச்சுட்டு பிரிங்க.

அடுத்து நியூட்ரல் லைட்டைப் பாருங்க, அதுவே பாதி கதை சொல்லிடும்.

நியூட்ரல்ல இருந்தும் லைட் எரியலை, ஆனா கிளட்சைப் பிடிச்சா செல்ஃப் எடுக்குது: நியூட்ரல் சுவிட்ச்சோ அதோட வயரோ. பல வண்டியில இன்ஜின் பக்கத்துல, செயின் ஸ்பிராக்கெட் மூடிக்குப் பக்கமா ஒத்தை வயரா இருக்கும், செயின் எண்ணெயும் சேறும் அப்பி கழண்டு கிடக்கும். அந்த வயரைக் கழட்டி, சாவி ஆன்ல, இன்ஜின் பாடியில தொடுங்க. லைட் எரிஞ்சா வயர் நல்லா இருக்கு, சுவிட்ச் போச்சு. எரியலைன்னா மேல வயர் கட், இல்ல பல்பே போயிருக்கும்.

நியூட்ரல் லைட் எரியுது, ஆனாலும் கிளட்ச் பிடிச்சாத்தான் செல்ஃப் எடுக்குது: சில மாடல்ல அமைப்பே அப்படித்தான், கிளட்ச் பிடிக்காம எடுக்கவே எடுக்காது. இத்தனை நாள் பிடிக்காம எடுத்துட்டு இருந்து இப்போ மாறியிருந்தா வயரிங்ல சொருகியிருக்கிற சின்ன டையோடு (கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற பாகம்) கட் ஆகியிருக்கும்.

கியர்ல இருக்கும்போது கிளட்சைப் பிடிச்சா நியூட்ரல் லைட் எரியுது: அதே டையோடு, ஆனா இப்போ ஷார்ட். இதை அப்படியே விட்டா நியூட்ரல்னு நம்பி கிளட்சை விட்டுடுவீங்க, வண்டி பாயும். சின்ன பொருள்தான், உடனே மாத்துங்க.

கிளட்ச் சுவிட்சைப் பாக்குறது சுலபம். லிவருக்கு அடியில ரெண்டு வயரோட குட்டியா இருக்கும். வயரை மட்டும் கழட்டி, மீட்டரை பீப் சத்தத்துல (ரெண்டு முனைக்கும் நடுவுல இணைப்பு இருந்தா சத்தம் போடுற நிலை) வெச்சு, சுவிட்சோட ரெண்டு காலுலயும் முனையை வெச்சு லிவரைப் பிடிச்சு விட்டுப் பாருங்க, பெரும்பாலான வண்டியில பிடிச்சா பீப் வரணும், விட்டா நிக்கணும். லிவர் உடைஞ்சு வேற லிவர் மாட்டின வண்டின்னா, புது லிவரோட நுனி அந்தப் பட்டனை முழுசா அமுக்குதான்னு குனிஞ்சு பாருங்க, சுவிட்ச் நல்லா இருந்தும் லிவர் எட்டாம போறது நிறைய நடக்குது.

இவ்வளவுக்கும் அசையலைன்னா ஸ்டார்டர் ரிலேவுக்குப் போங்க. பேட்டரியில இருந்து தடி கேபிள் வந்து ஏறுற டப்பா அது. அதுல ரெண்டு தடி கேபிளும் ஒரு கப்ளர்ல மெல்லிசான வயரும் இருக்கும். கப்ளரைக் கழட்டாதீங்க, பல வண்டியில மெயின் ஃபியூஸும் அதே இடத்துலதான் இருக்கும், கழட்டினா மொத்த கரண்டும் போயிடும். பின்பக்கமா ஊசி மாதிரி முனையைச் சொருகி, ரிலே காயிலுக்கு வர்ற ரெண்டு மெல்லிசு வயருக்கும் நடுவுல வோல்ட் பாத்துக்கிட்டே இன்னொருத்தரை செல்ஃப் அமுக்கச் சொல்லுங்க. 12 பக்கத்துல வந்தும் ரிலே டக்குங்கலைன்னா ரிலே போச்சு, மாத்திடலாம். ஒண்ணும் வரலைன்னா ரிலேவைத் தொட வேண்டாம், ரெண்டு வயர்ல எதுல குறையுதுன்னு தனித்தனியா பாத்து, கரண்டு வர்ற பக்கமா எர்த் போற பக்கமான்னு பிரிச்சுக்கிட்டு, வயரிங் படத்தை வெச்சு அந்த வழியில இருக்கிற சுவிட்சா பின்னாடி போங்க.

## டக்குன்னு ஒரு சத்தம், இல்ல டரரரன்னு சத்தம், ஆனா இன்ஜின் சுத்தலை

இங்க சேஃப்டி சுவிட்சுக்கு வேலையே இல்ல. உத்தரவு வந்து சேந்ததாலதான் ரிலே சத்தம் போடுது.

டரரரன்னா பேட்டரியில தெம்பு இல்ல. ராத்திரி முழுக்க சும்மா நின்ன பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல காட்டணும், செல்ஃப் அமுக்கும்போது 10க்குக் கீழ சரிஞ்சா சந்தேகப்படுங்க, 9க்கும் கீழ போனா பேட்டரி அவ்வளவுதான். மாத்துறதுக்கு முன்னாடி தள்ளி ஸ்டார்ட் பண்ணி, ஓரளவு ஆக்சிலரேட்டர் குடுத்து மறுபடியும் அளந்து பாருங்க, 13.5ல இருந்து 14.5க்குள்ள வரணும். வரலைன்னா சார்ஜிங் கோளாறு, புது பேட்டரி போட்டாலும் பத்து நாள்ல அதே கதைதான். 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்ட்டை அடக்கி வெக்கிற பாகம்) போயிருக்கு, அதோட வண்டியை ஓட்டவே வேண்டாம், பல்பு, பேட்டரி, இசியூன்னு எல்லாத்தையும் காலி பண்ணிடும்.

ஒத்தை டக் மட்டும் வந்தா ரிலேவோட தடி கான்டாக்ட், கேபிள், எர்த், கடைசியா மோட்டார். எர்த்தைப் பாக்க மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை இன்ஜின் பாடியில பெயின்ட் இல்லாத இடத்துலயும் வெச்சு செல்ஃப் அமுக்குங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் கேபிளோட போல்ட்டைக் கழட்டி சுரண்டி மாட்டுங்க. மோட்டாரைப் பிரிக்கிற நிலைமை வந்தா மெக்கானிக்கைக் கூப்பிட்டுடுங்க.

## செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்கலை

எஃப்ஐ வண்டின்னா சாவியை ஆன் பண்ணிட்டு காதை டேங்க் பக்கம் வைங்க. பம்ப் ரெண்டு மூணு செகண்டு ஸ்ஸ்ஸ்னு ஓடி நிக்கணும். அந்தச் சத்தம் வந்தா பெரும்பாலான வண்டியில கில் சுவிட்ச், ஃபியூஸ், பம்ப் ரிலே மூணும் நல்லா இருக்குன்னு ஒரே நேரத்துல தெரிஞ்சிடும். வரலைன்னா அந்த மூணையும் அதே வரிசையில பாருங்க. வண்டி கீழ விழுந்து தூக்கினதுக்கு அப்புறம் இப்படி ஆச்சுன்னா சாய்வு சென்சார் இன்ஜினை நிறுத்தி வெச்சிருக்கும், சாவியை ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணா நிறைய மாடல்ல சரியாயிடும். சாவிப் படம் போட்ட லைட் விடாம மின்னுதுன்னா சாவியை வண்டி அடையாளம் கண்டுக்கலை, இன்னொரு சாவியில முயற்சி பண்ணுங்க, அதுவும் ஆகலைன்னா நேரா சர்வீஸ்தான், வீட்டுல பண்ண ஒண்ணும் இல்ல.

பழைய கார்புரேட்டர் வண்டியில நிறைய பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. மேக்னெட்டோவுல (இன்ஜின் சுத்தும்போது கரண்டு உண்டாக்குற பாகம்) இருந்தே கரண்டு எடுக்குற சிடிஐ வண்டியில கில் சுவிட்சும் சாவியும் ஒரு வயரை எர்த் பண்ணித்தான் இன்ஜினை நிறுத்தும். பேட்டரி கரண்டுல ஸ்பார்க் வர்ற வண்டியிலயும் எஃப்ஐ வண்டியிலயும் கில் சுவிட்ச் கரண்டை வெட்டித்தான் நிறுத்தும். அதனால கில் சுவிட்ச் கப்ளரைக் கழட்டிப் பாக்குற டெஸ்ட் ரெண்டுலயும் தலைகீழா வரும். முதல் வகையில கழட்டினதும் ஸ்பார்க் வந்தா சுவிட்ச் தப்பா எர்த் ஆகுதுன்னு அர்த்தம், ரெண்டாவது வகையில கழட்டினா எப்படியும் ஸ்பார்க் வராது. உங்க வண்டி எந்த வகைன்னு தெரியாம இந்த டெஸ்டைப் பண்ணிட்டு சிடிஐ மாத்தாதீங்க.

ரெண்டாவது வகையில கில் சுவிட்சுக்கு உள்ள போற வயர்லயும் வெளிய வர்ற வயர்லயும் கப்ளர் மாட்டின நிலையிலயே வோல்ட் பாருங்க. ரெண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா கான்டாக்ட் கரிஞ்சிருக்கு.

ஸ்பார்க் பாக்கணும்னா நல்லா இருக்கிற இன்னொரு பிளக்கை கேப்ல சொருகி, அதோட உலோக பாகத்தை இன்ஜின்ல அழுத்தமா ஒட்ட வெச்சு செல்ஃப் குடுங்க. பிளக் கழட்டின ஓட்டைக்குப் பக்கத்துல வைக்காதீங்க, அதுல இருந்து பெட்ரோல் ஆவி வரும். கேப்பை அந்தரத்துல விட்டு சுத்தவும் கூடாது, இக்னிஷன் காயிலும் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏத்துற பாகம்) சிடிஐயும் சேந்து போயிடும். ஸ்பார்க் இல்லன்னா வரிசை: பிளக், கேப், காயிலோட கப்ளர், பல்சர் காயிலோட (எப்போ ஸ்பார்க் வரணும்னு சிக்னல் குடுக்குற சென்சார்) கப்ளர், காயில், பல்சர் காயில். சிடிஐயும் இசியூவும் எல்லாத்துக்கும் கடைசி. காயிலோட ஓம் அளவு மாடலுக்கு மாடல் மாறும், உங்க மேனுவல்ல போட்டிருக்கிறதோட ஒப்பிடுங்க. அதே மாடல் வண்டி நண்பர்கிட்ட இருந்தா சிடிஐயை அஞ்சு நிமிஷம் மாத்திப் போட்டுப் பாக்கலாம், அவர் வண்டி நல்லா ஓடுதுன்னா மட்டும்.

## நியூட்ரல்ல ஓடுது, கியர் போட்டா ஆஃப்

சைடு ஸ்டாண்டு சுவிட்ச். பத்துல ஒன்பது தடவைன்னே சொல்லலாம். ஸ்டாண்டைக் காலால மேல நல்லா தட்டிட்டு கியர் போடுங்க, ஓடினா ஸ்பிரிங் தளந்து ஸ்டாண்டு முழுசா மேல ஏறலை, இல்ல ஸ்டாண்டு மடங்குற போல்ட்ல மண்ணு சேந்து இறுகியிருக்கு. தண்ணி ஊத்திக் கழுவி, கிரீஸ் வெச்சு, ஸ்பிரிங் மாத்தினா முடிஞ்சுது.

அப்பவும் ஆஃப் ஆனா சுவிட்சோட கப்ளரைத் தேடுங்க, பெரும்பாலும் இடது பக்க மூடிக்கு உள்ள இருக்கும். ரெண்டு வயர் சாதா சுவிட்சுன்னா ஸ்டாண்டு மேல இருக்கும்போது பீப் வரணும், கீழ இறக்கினா நிக்கணும். பீப் வந்துக்கிட்டு இருக்கும்போதே வயரை அங்கங்க மடக்கி ஆட்டுங்க, விட்டு விட்டு வந்தா நான் சொன்ன மாதிரி உள்ள கட். மூணு வயர் இருந்தா ஒண்ணு லைட்டுக்குப் போறது, படத்தைப் பாக்காம எதையும் எதோடயும் சேக்காதீங்க. புது வண்டிகள்ல காந்தம் வெச்ச சென்சார் வருது, அதுல சிலதை மீட்டர்ல பீப் பாக்க முடியாது, ஷார்ட் பண்ணவும் கூடாது, அதை சர்வீஸ்ல விட்டுடுங்க.

சாதா ரெண்டு வயர் சுவிட்ச்ல, வண்டி பக்கம் இருக்கிற கப்ளர்ல ஒரு துண்டு வயரைச் சொருகி கியர் போட்டுப் பாக்கலாம், ஓடினா கோளாறு இதுலதான்னு உறுதி. ஆனா அந்தத் துண்டு வயரை அப்படியே விட்டுட்டு ஓட்டுறவங்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்குது. ஸ்டாண்டு கீழ இருக்கிறது தெரியாம கிளம்பி, முதல் இடது வளைவுல வண்டியைச் சாய்க்கும்போது ஸ்டாண்டு ரோட்டுல ஊனி ஆளைத் தூக்கி அடிக்கும். டெஸ்ட் முடிஞ்ச உடனே கழட்டிடுங்க. புது சுவிட்ச் வர ரெண்டு நாள் ஆகும்னா வண்டி ரெண்டு நாள் நிக்கட்டும்.

## ஓடும்போது கட் ஆகி தானா சரியாகுது

எப்போ கட் ஆகுதுன்னு கவனிங்க.

பள்ளத்துல இறங்கினா: பேட்டரி டெர்மினல், ஃபியூஸ் ஹோல்டர், சைடு ஸ்டாண்டு துள்ளுறது.

ஹேண்டில் திருப்பினா: ஹெட்லைட்டுக்குப் பின்னாடி வயர்க்கட்டு மடங்குற இடம். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரல்ல ஓட விட்டு, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்புங்க, அப்புறம் கட்டை விரலால அமுக்கி அமுக்கி வாங்க. சந்தேகப்படுற வயரை மெல்ல இழுத்துப் பாருங்க, உள்ள செம்பு அறுந்திருந்தா ரப்பர் பேண்டு மாதிரி நீளும், செம்பு இருக்கிற வயர் நீளாது. அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு அதே தடிமன்ல புது துண்டு போட்டு சால்டர் பண்ணி சூட்டுல சுருங்குற குழாய் போடுங்க. மடங்குற இடத்துலயே ஜாயின்ட் வைக்காதீங்க, சால்டர் ஓரத்துல மறுபடி முறியும், கொஞ்சம் தள்ளி வைங்க.

மழையில, இல்ல பிரஷர் வாஷ் அடிச்ச அப்புறம்: பிளக் கேப், பிளக் வயர், கப்ளர்கள். ராத்திரி இருட்டுல இன்ஜினை ஓட விட்டு பிளக் வயர் மேல லேசா தண்ணி தெளிச்சுப் பாருங்க, கையால தொடாம. நீலமா பொறி ஓடினா வயரும் கேப்பும் மாத்தணும். கப்ளர்களைக் கழட்டி காய வெச்சு, பின்ல களிம்பு இருந்தா சுத்தம் பண்ணி மாட்டுங்க.

சூடான பிறகு மட்டும்: அரை மணி நேரம் ஓடி ஆஃப் ஆகும், ஆறின அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். வயரிங்கைக் குடையுறதுக்கு முன்னாடி, ஆஃப் ஆன உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடி ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே பிடிச்சா மூடியில காத்து ஓட்டை அடைப்பு. இல்லன்னா அந்தச் சூட்டோடயே ஸ்பார்க் பாருங்க, ஸ்பார்க் இல்லன்னா பல்சர் காயிலோட ஓமை சூட்டுல ஒரு தடவை, ஆறினதும் ஒரு தடவை அளங்க. சூட்டுல மீட்டர் ஒண்ணுமே காட்டாம போனா அதுதான். அளவு மாறலைன்னா இக்னிஷன் காயில், சிடிஐன்னு போகும், இதுக்கு மேல கைவசம் மாற்று பாகம் இருக்கிற மெக்கானிக்தான் பாக்க முடியும்.

## ஃபியூஸ் போட்ட உடனே போகுது

பெரிய ஃபியூஸ் போடாதீங்க, வயரை முறுக்கி வைக்காதீங்க, சிகரெட் தாள் சுத்தாதீங்க. அப்படி வெச்சா அடுத்து உருகுறது வயர்க்கட்டு, அதுக்கு மேலதான் பெட்ரோல் டேங்க் உக்காந்திருக்கு.

ஃபியூஸைக் கழட்டிட்டு அது இருந்த ரெண்டு காலுக்கும் நடுவுல அந்த 21 வாட் டெஸ்ட் லாம்பை மாட்டுங்க. சாவியை ஆன் பண்ணதும் ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுனு எரியும். இப்போ ஒவ்வொரு கப்ளரா கழட்டிக்கிட்டே வாங்க, எதைக் கழட்டும்போது பல்பு சட்டுனு மங்குதோ அல்லது அணையுதோ அந்த லைன்லதான் ஷார்ட். முதல்ல வண்டி வாங்கின அப்புறம் மாட்டின எக்ஸ்ட்ரா சாமான்ல இருந்து ஆரம்பிங்க, ஃபாக் லைட், ஹாரன், அலாரம், மொபைல் சார்ஜர். அப்புறம் டேங்குக்கு அடியில வயர் நசுங்குற இடம், ஹேண்டில் கழுத்து, சைலன்சர் பக்கம், எலி கடிச்ச இடம்.

## சாவி ஆஃப் பண்ணாலும் இன்ஜின் நிக்கலை

பெரும்பாலும் மேக்னெட்டோ வகையிலதான் இது வரும். எர்த் பண்ற அந்த வயர் எங்கயோ கட். நிறுத்த, டாப் கியர் போட்டு பிரேக்கை அழுத்தி கிளட்சை மெல்ல விடுங்க, அடங்கிடும். சாவி சுவிட்ச் கப்ளரும் சிடிஐ கப்ளரும்தான் பாக்க வேண்டிய இடம்.

## மெக்கானிக்கிட்ட குடுக்கும்போது

வயர்க்கட்டு உருகி வயர்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா, சார்ஜிங் 15ஐத் தாண்டினா, எஃப்ஐ லைட் அணையாம இருந்தா, ஏபிஎஸ் லைனைத் தொட வேண்டி வந்தா நீங்க நிறுத்திக்கோங்க. குடுக்கும்போது "ஸ்டார்ட் ஆகலை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "நியூட்ரல் லைட் எரியுது, பம்ப் சத்தம் வருது, செல்ஃப் சுத்துது, ஸ்பார்க் இல்ல"ன்னு சொல்லுங்க, எங்க அளந்தப்போ எத்தனை வோல்ட் வந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. டெஸ்டுக்கு எங்கயாவது துண்டு வயர் சொருகியிருந்தா கழட்டிட்டுக் குடுங்க, கழட்ட மறந்திருந்தா எந்தக் கப்ளர்ல இருக்குன்னு மறைக்காம சொல்லிடுங்க.